முப்பத்தொரு சிவப்பு அட்டைகள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் ஒன்றும் இருக்காது, திரும்பி வருவேன். கல்யாணப் பந்தியில்கூட இலையில் பாயசம் விழுவதற்குள் பாதி எழுந்திருப்பேன். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான் என் கால் சும்மா இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலையரசி கம்பெனி பஸ்ஸை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவன் நான். பெயர் தவசி. சமவெளியில் பஸ் எல்லாம் தானாக ஓட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மலைப்பாதைக்கு மட்டும் மனுஷன் வேண்டும் என்று சட்டம். மழையில் பாதி ரோடு சரிந்து கிடக்கும்போது, எதிரே நிற்கிற காட்டுமாடு என்ன நினைக்கிறது என்று எந்த இயந்திரத்துக்குத் தெரியும்? அந்தத் திமிர் எங்கள் டிப்போவில் முப்பத்து நான்கு டிரைவர்களுக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

அந்தத் திமிருக்கு ஆப்பு வைத்தது, ரத்தக் குழாயைச் சோதிக்கச் சொல்கிற தமனிச் சட்டம். வேறொரு மலையில், வேறொரு கம்பெனி டிரைவருக்கு ஸ்டியரிங்கிலேயே நெஞ்சு அடைத்து, பஸ் பள்ளத்துக்குள் போய்விட்டது. முந்தின வாரம்தான் அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்து, எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அப்புறம் அரசாங்கம் சும்மா இருக்குமா? மலைப்பாதை டிரைவர் ஒவ்வொருவரும் வருஷம் ஒரு தடவை ரத்த அட்டை கொடுக்க வேண்டும். பச்சை வந்தால் ஓட்டலாம், சிவப்பு வந்தால் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அது என்ன அட்டை, அதில் என்ன பார்க்கிறார்கள் என்று விளக்க, கம்பெனி டாக்டர் நிலோஃபர் டிப்போவுக்கு வந்தார். பஸ் கழுவுகிற இடத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார். நான் வழக்கம்போல் பின்னால் நின்றுகொண்டேன்.

"உங்க எல்லார் உடம்புலயும் மரபணு இருக்கு. அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதுல இருக்கிற எழுத்து சாகிற வரைக்கும் மாறாது," என்றார் டாக்டர். "ஆனா அதுமேல வாழ்க்கை சீல் குத்திக்கிட்டே இருக்கும். சிகரெட்டுக்கு ஒரு சீல். தூக்கம் கெட்டா ஒரு சீல். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தூசி, மனசுல பாரம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீல். சீல் விழுந்த இடத்துல எழுத்து அப்படியேதான் இருக்கும். ஆனா உடம்பால அதைப் படிக்க முடியாது."

"படிக்க முடியலைன்னா என்னம்மா இப்ப?" என்று கேட்டார் காசிமாயன். எங்கள் சங்கச் செயலாளர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வண்டியிலும் சரி, பேச்சிலும் சரி, யாரையும் முந்தவிட மாட்டார்.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்குண்ணே. அது கிழிஞ்சா தைக்கச் சொல்லி மரபணுவுல ஒரு வரி இருக்கு. அதுமேல சீல் விழுந்துட்டா தைக்க ஆள் வராது. கொழுப்பு அங்க போயி உட்கார்ந்துக்கும். நெஞ்சு வலிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நாங்க அந்தச் சீலைப் படிச்சிருவோம். ஈ.சி.ஜி.யால அது முடியாது."

"விழுந்த சீலு விழுந்ததுதானா?"

"கெட்டதை நிறுத்துனா சிலது தானா மங்கும். சிகரெட்டை விட்டு ஏழெட்டு வருஷம் ஆனா அந்தச் சீல் பாதிக்கு மேல போயிரும். மத்ததுக்கு மருந்து வந்திருக்கு. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில நாப்பது நாள் படுத்து ஏத்திக்கணும். கட்டில் குறைவு. அதனால சிவப்பு அட்டை வந்தவங்களுக்கு மட்டும்தான் இடம்."

நான் சிகரெட்டை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் அதற்கு முன்னால் நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதினவன். உள்ளே என்னென்ன சீல் கிடக்கிறதோ, யார் கண்டது?

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டம் வந்த உடனேயே எங்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தன் யாருக்குப் பிறந்தான், என்ன சாதி என்று கம்பெனிக்காரன் நோண்டக் கூடாது என்பது எங்கள் வாதம். காசிமாயன் அலையாய் அலைந்து ஜெயித்தும் காட்டினார். சீலை மட்டும்தான் மெஷின் படிக்கலாம், எழுத்தைப் படிக்கக் கூடாது என்று தீர்ப்பு. அதனால் அட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த ரத்தம் ஆணுடையதா பெண்ணுடையதா என்றுகூட மெஷினுக்குத் தெரியாது. எண்ணுக்கு உரிய ஆளைக் கம்பெனி ரிஜிஸ்டரில் பார்த்துக்கொள்வார்கள். அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, நாலு வட்டத்தில் நாலு சொட்டு வைத்து, உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

அட்டை கையில் வந்த அன்று டிப்போவுக்கு எதிர் டீக்கடையில் காசிமாயன் குரலைத் தாழ்த்தினார்.

"ஏப்பா, நாம எல்லாம் பண்ணாத அட்டூழியமா? ஊதியிருக்கோம், குடிச்சிருக்கோம், ராத்திரி ரெண்டு மணிக்குப் புரோட்டா தின்னுருக்கோம். நம்ம வீட்டுப் பொம்பளைங்களப் பாருங்க. ஒரு கெட்ட பழக்கம் உண்டா? வெள்ளி செவ்வாய் விரதம் வேற. மெஷினுக்குத்தான் ஆம்பளை பொம்பளை தெரியாதே."

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எல்லோரும் சிரித்த சிரிப்பில் டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இதைவிடச் சுத்தமான யோசனை ஏது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை என் மனைவி பாண்டிமீனா அடுப்படியில் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள்.

"ஒனக்கு என்னாத்துக்கு ஆகப்போகுது? நாலு சொட்டு."

"ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அதுக்குத்தானடி கேக்குறேன்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள். ஊசி குத்தியபோது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நாலு சொட்டு விழுந்ததும் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே மறுபடியும் மாவை ஊற்றப் போய்விட்டாள். பக்கத்து அறையில் அப்பா கூப்பிட்டார். பக்கவாதம் வந்து ஏழு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். அடுப்பைக் குறைத்துவிட்டு அங்கே ஓடினாள். நான் குளிக்கப் போனேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. டிப்போ ஆபீஸ் கதவில் எண்களை ஒட்டியிருந்தார்கள். முப்பத்து நான்கில் முப்பத்தொன்று சிவப்பு.

என் எண்ணுக்கு எதிரே, தமனி வயது, அதாவது ரத்தக் குழாயின் வயது, எழுபத்தொன்று என்று போட்டிருந்தது. எனக்கு நாற்பத்தேழு. பாண்டிமீனாவுக்கு அதைவிடக் குறைவு. காசிமாயன் எண்ணுக்கு எழுபத்தாறு. முப்பத்தொரு பேரும் அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டு இறங்கினோம். பத்து நாளைக்குள் டாக்டர் முன்னால் மறுபடியும் ரத்தம் கொடுத்து முறையிடலாம். அதுவரை கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் எங்கள் எண்களுக்கு முப்பத்தொரு கட்டில் ஒதுக்கி வைத்திருப்பதாகக் கடிதம் வேறு வந்தது.

"மெஷின் கோளாறு!" என்று கத்தினார்கள். "இது கம்பெனிக்காரன் சதி!" என்றார்கள். கத்தினவர்களில் நானும் ஒருவன். கத்திக்கொண்டே அந்த மூன்று பச்சைக்காரர்களைத் தேடினேன். அவர்கள் மூவரும்தான் இருந்த ஒன்றிரண்டு பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் ஒருவன். முபாரக் ஒருவன். சின்னக்காளை ஒருவன். பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியத்தைப் பிடித்தேன்.

"ஏப்பா, யாரு ரத்தம்டா அது? எங்க புடிச்ச?"

"என்னோடதுதான்ணே," என்றான். "எனக்குக் குடுக்கப் பொண்டாட்டியா இருக்கா? ஸ்டெல்லா போயி நாலு வருஷமாச்சு. ஒங்களுக்குத் தெரியாதா? சமைச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சிட்டா. நாப்பத்தோரு வயசு. நெஞ்சடைப்புன்னு டாக்டர் சொன்னப்ப நானே நம்பலையே."

முபாரக்குக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சின்னக்காளையின் மனைவி, மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதமாகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மூன்று பேரும் வேறு வழியில்லாமல் சொந்த ரத்தத்தைக் கொடுத்தவர்கள். மூன்றும் பச்சை.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது படித்தது எங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பை.

நேராகக் காசிமாயன் வீட்டுக்குப் போனேன். அவர் மாடியில் இருந்தார். அவர் மனைவி செல்வராணி எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். பதினாலு படி ஏறியதற்கு மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, சிரித்து, "வாங்க தம்பி, மீனா சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். அவள் போகும்வரை காத்திருந்தேன்.

"அண்ணே, அது நம்ம வீட்டுப் பொம்பளைங்க சீலு."

"தெரியும்," என்றார் காசிமாயன். "நேத்தே விளங்கிருச்சு. கேளு தவசி. இதுல நமக்கு நல்லதுதான் நடந்திருக்கு. முறையீட்டுல எல்லாரும் அவனவன் சொந்த ரத்தத்தைக் குடுப்போம். பச்சை வந்துரும். லேபுக்காரன் தப்பு பண்ணிட்டான்னு கேஸ் முடிஞ்சிரும். அட்டை அத்தனையும் ரத்தாயிரும்."

"அப்ப பொம்பளைங்க?"

"அவங்களுக்கு என்னப்பா? நல்லாத்தான நடமாடுறாங்க?"

"அண்ணிக்கு மூச்சு வாங்குதுல்ல?"

"அது வாயு," என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு அவரே, "உண்மையைச் சொன்னா மோசடிக் கேசு. லைசென்ஸ் ஆயுசுக்கும் போச்சு. ஒருத்தன் வாயத் தொறந்தா முப்பத்தொரு குடும்பம் நடுத்தெருவுல. நல்லா யோசிச்சுக்க," என்றார்.

யோசிப்பதற்குத்தான் எனக்கு நேரம் கிடைத்ததே. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பாண்டிமீனாவின் ஒரு நாளை முழுசாகப் பார்த்தேன். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்களுக்கு மணிக்கட்டில் தூக்கப் பட்டை ஒன்று உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த விதி. மலைப்பாதை டிரைவர் ஏழு மணி நேரம் தூங்கியாக வேண்டும். குறைந்தால் பட்டை மஞ்சளாகிவிடும், அன்றைக்கு வண்டி கிடையாது. கம்பெனி எங்களுக்கு மதியச் சாப்பாட்டில் கீரையும் கேழ்வரகும் போட்டது, கேபினில் ஏ.சி. வைத்தது, தினமும் அரை மணி நடக்க வைத்தது. எங்கள் உடம்பு அப்படித்தான் தேறியிருக்கிறது. ஆனால் நான் ஏழு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டுமே. பிள்ளை அழுதால் என் காதில் விழாமல் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனவள் அவள். அப்பா கூப்பிட்டால் இரண்டாவது குரலுக்கு முன்னால் எழுந்தவள் அவள். அந்த வாரம் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அப்பா ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை கூப்பிடுகிறார். ஏழு வருஷமாக ஆறு தடவை.

மூன்றாம் நாள் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மீனா, மில்லுல எத்தன வருஷம் இருந்த?"

"என்னாங்க திடீர்னு? பதினாறு வயசுல சேத்துவிட்டாக. நாலு வருஷம். ஹாஸ்டல்லயே இருப்போம். ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு, மறுவாரம் ராத்திரி. பஞ்சு மூக்குக்குள்ளயே போயி ஒட்டிக்கும்."

"மக வயித்துல இருக்கும்போது சர்க்கரை வந்துச்சுல்ல ஒனக்கு?"

"அது அப்பவே போயிருச்சே. அப்புறம் ஒங்க சிகரெட்டு நாத்தம் வேற. வாந்தியா எடுத்தேன்." கீரைத் தண்டை ஒடித்தபடி சிரித்தாள்.

"இடது கை வலிக்குதுன்னு அன்னைக்குச் சொன்னியே?"

"கொடம் தூக்குறேன்ல. ஏங்க, போலீசு மாதிரி கேக்குறீக?"

எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தொன்று என்ற எண்ணையும் சொன்னேன். அவள் கீரையை முறத்தில் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"நீங்க முறையீட்டுக்குப் போங்க. ஒங்க ரத்தத்தைக் குடுங்க," என்றாள்.

"ஒனக்குக் கட்டில் கிடைக்காதுடி. அட்டை ரத்தாயிரும்."

"கிடைக்காட்டி போகுது. ஸ்டியரிங்க விட்டுட்டு நீங்க வீட்டுல உக்காந்தீகன்னா, எனக்கு மிச்சம் இருக்கிற நாளும் ஓடிப்போயிரும். இந்த மூணு நாள்லயே தரை தேஞ்சிருச்சு."

சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம் ரொம்பப் பொல்லாதது. எழுந்து தெருக்கோடி வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் போனேன்.

பத்தாம் நாள் டிப்போ மருந்தறை வாசலில் முப்பத்தொரு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் எட்டுப் பேர். எனக்குப் பின்னால் காசிமாயன். உள்ளே போனவன் ஒவ்வொருவனும் பஞ்சை அமுக்கிக்கொண்டு நிம்மதியாக வெளியே வந்தான். வீட்டிலிருந்து புறப்படும்போது நானும் ரத்தம் கொடுக்கிற எண்ணத்தில்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணம்தான்.

நிலோஃபர் டாக்டர் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசியை எடுத்தார். "போன தடவையும் நீங்களேதானே குத்திக்கிட்டீங்க?" என்று கேட்டார். ஆம் என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை.

"அது என் ரத்தம் இல்லைங்கம்மா. என் சம்சாரத்தோடது."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். ஆச்சரியப்பட்டவர் போலத் தெரியவில்லை.

"முப்பத்தொரு அட்டையில பத்தொன்பதுல கர்ப்ப காலச் சர்க்கரையோட சீல் இருந்துச்சு," என்றார். "மெஷினுக்கு அது என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நான் எழுதுனா அட்டை செல்லாமப் போயிரும். யார் ரத்தம்னு தெரியாத அட்டைக்குக் கட்டில் கிடையாது. ரத்தத்துக்குச் சொந்தக்காரங்க நேர்ல வந்து இது என்னோடதுன்னு சொல்லணும். அதுதான் சட்டம். ஒருத்தராவது வாய் திறப்பீங்களான்னு பத்து நாளா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்." ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "முறையீட்டுல என்ன வந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கட்டில் இருக்கும். அதுக்குள்ள அவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. இதுல கையெழுத்துப் போட்டா உங்க லைசென்ஸ் போயிரும், தெரியும்ல?"

போட்டேன்.

கதவு பாதி திறந்திருந்தது. காசிமாயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்த என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிப்பார் என்று நின்றேன். "நீ ஒருத்தன் நல்லவனாயிட்ட. அவ்வளவுதான?" என்றார். பிடியை விட்டுவிட்டு உள்ளே போய்க் கையை நீட்டினார்.

எனக்குப் பின்னால் வந்தவர்களில் நான்கு பேர் உண்மையைச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர்களையும் சேர்த்து இருபத்தாறு பேர் ரத்தம் கொடுத்தார்கள். வண்டி ஓட ஆள் இல்லாத அவசரத்தில் அன்று ராத்திரியே மெஷினில் போட்டார்கள், இருபத்தாறும் பச்சை. மறுநாளே எல்லோரும் ஸ்டியரிங்கில் இருந்தார்கள்.

பாண்டிமீனா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. "யாரக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீக?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், அதோடு சரி. அப்பாவைச் சோழவந்தானில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் காலையிலேயே தங்கை போன் செய்து, "அண்ணே, அண்ணி எப்படிண்ணே இத்தன வருசம்…" என்று சொல்லி முடிக்காமல் அழுதாள். போனைப் பாண்டிமீனா கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை விடிகாலை ஆரோக்கியம் ஓட்டிய பஸ்ஸில் மலைக்குப் புறப்பட்டோம். ஜன்னலோரத்தில் அவள். பயணியாக உட்கார்ந்து மலை ஏறுவது எனக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. டம்டம் பாறை தாண்டியதும் அவள் என் முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள். "சும்மா இருங்க. ஆரோக்கியம் தம்பி நல்லாத்தான் ஓட்டுது," என்றாள். அதுதான் இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எங்களுக்கு ஒதுக்கியது நீளமான ஒரே அறை. இரண்டு பக்கமும் முப்பத்தொரு கட்டில். புது விரிப்பு, புதுக் கம்பளி. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு எண். ஐந்து கட்டிலில் ஆள். பாண்டிமீனா இருபத்திரண்டாம் எண்ணில் ஏறிப் படுத்தாள். கையில் மருந்து ஏற்றினார்கள். "முதல்ல நல்லாத் தூங்குங்கம்மா. அதுதான் பாதி மருந்து," என்று நர்ஸ் சொன்னபோது, அவள் கேட்கக் கூடாததைக் கேட்டவள் போல என்னைப் பார்த்தாள்.

தூங்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. நாலு மணிக்கு எடுத்துருவாக. வெளியில நிறையப் பேரு காத்துக்கிட்டு இருக்காக."

"இந்த நம்பரெல்லாம் நம்ம டிப்போ ஆளுகளோடதா?"

"ஆமா."

"செல்வராணி அக்கா எது?"

பதினேழாம் எண்ணைக் காட்டினேன். எதிர் வரிசையில், ஜன்னலுக்குக் கீழே. பாண்டிமீனா மருந்து பாட்டில் தொங்கிய ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே எழுந்து போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் ஓடி வந்தார்.

"அம்மா, அது உங்க கட்டில் இல்ல."

"தெரியும். எங்க அக்காவோடது. நாலு மணி ஆகலைல்ல? ஆகிற வரைக்கும் உக்காந்திருக்கேன்," என்றாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

"மீனா, வேண்டாம். அவுக குடும்ப விசயம். அண்ணி வந்தா அண்ணன் லைசென்ஸும் போயிரும்."

"அக்காவுக்கு விசயம் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தவரை தெரியாது.

"ஒங்க ஆளுக இருபத்தாறு பேரும் சேந்து முடிவு பண்ணியிருக்காக. அக்காகிட்ட யாரும் கேக்கல," என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. போனைக் கொடுத்தேன்.

"அக்கா, நான் மீனா. என்ன பண்றீக? … சோறு வடிச்சாச்சா? சரி. அதை அப்படியே மூடி வச்சிட்டுக் கேளுங்க." எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, அழவில்லை. எழுபத்தாறு என்றாள். மாமா லைசென்ஸ் போயிரும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "அக்கா? அக்கா, இருக்கீகளா? … நான் வாங்கன்னு சொல்லல. ஒங்க நெஞ்சு, ஒங்க முடிவு. கட்டில் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருக்கு. நான்தான் அதுல உக்காந்திருக்கேன்."

போனை வைத்தபோது மணி பதினொன்றரை. வத்தலக்குண்டிலிருந்து அடுத்த பஸ் பன்னிரண்டு நாற்பது. அதை ஓட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். செல்வராணி அண்ணிக்கும் தெரிந்திருக்கும்.

மூன்று மணிக்கே நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். அங்கே நின்றேன், இங்கே நின்றேன். டீ வாங்கி, குடிக்காமல் கீழே ஊற்றினேன். வருவாள் என்றும் நினைத்தேன், வரக் கூடாது என்றும் நினைத்தேன். வந்தால் காசிமாயன் முகத்தில் எப்படி விழிப்பது? வராவிட்டால் செல்வராணி அண்ணி முகத்தில்? மூன்றே கால் ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மலைப்பாதையில் காசிமாயன் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

மூன்று நாற்பதுக்கு மலையரசி உள்ளே வந்தது. வழக்கமாக அவர் ஒரே வெட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். அன்றைக்கு மெதுவாக ஊர்ந்து வந்து, இரண்டு தடவை முன்னும் பின்னும் போய் நின்றது. கூட்டம் இறங்கியது. டூரிஸ்ட்டுகள், வெங்காய மூட்டைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் இறங்கிய பிறகு, முன் வாசல் வழியாகச் செல்வராணி இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற முதல் சீட்டில்தான் வந்திருக்கிறாள். மூன்று மணி நேரம் கண்ணாடியில் அவள் முகம்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அண்ணன்கிட்ட என்ன சொன்னீக அண்ணி?" என்று பையை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல தம்பி," என்றாள் மூச்சு வாங்கியபடி. "ஏறுனேன். எங்க போறன்னு கேட்டாக. கொடைக்கானலுக்கு ஒரு டிக்கெட்டுன்னு கண்டக்டர்கிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் அவுக பேசவே இல்ல." திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். காசிமாயன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மலையிறங்கிப் போகிற ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி எடுக்கிற நேரம் தாண்டிவிட்டது. கண்டக்டர் கதவைச் சாத்திவிட்டு இரண்டு விசில் கொடுத்தார்.

வண்டி நகரவில்லை. காசிமாயன் கண் மட்டும் கண்ணாடிக்கு, அதில் தெரிகிற அந்த முதல் சீட்டுக்குப் போயிற்று. கண்டக்டர் மறுபடியும் விசில் கொடுத்தார்.